அலுமினிய பாட்டிலில் ஸ்பிரிட் அடுப்பு: வெட்டுவதிலிருந்து பற்றவைப்பது வரை

குளிர்பானமோ பீரோ அடைத்து வரும் அலுமினிய பாட்டில் ஒன்று, ஹேக்சா பிளேடு, 1 மி.மீ. ட்ரில் பிட், எமரி பேப்பர். முக்கியமாக இவை இருந்தால் அரை லிட்டர் தண்ணீரை ஏழெட்டு நிமிடத்தில் கொதிக்கவைக்கும் முகாம் அடுப்பு ஒன்றைச் செய்துவிடலாம். திரி இல்லை, பம்பு இல்லை, கழன்று தொலையும் பாகம் எதுவுமில்லை. எடை 50 கிராமைத் தாண்டாது. அமெரிக்காவில் நெடுந்தூரப் பாதைகளில் நடப்பவர்கள் பல காலமாக இப்படித்தான் சமைக்கிறார்கள். பழைய அலுமினிய பாட்டிலிலிருந்து செய்த 'வைட் பாக்ஸ்' என்ற அடுப்பு அங்கே கடையிலேயே விற்பனைக்கு வந்தது. இங்கே சொல்வதும் அதே வகைதான்: தனி ஸ்டாண்டு தேவையில்லை, பாத்திரம் அடுப்பின் மேலேயே உட்காரும்.

முதலில் இது எரியும் விதத்தைப் புரிந்துகொள்ளுங்கள். பாட்டிலின் அடிப்பகுதி ஒரு கிண்ணம். கழுத்துக்குக் கீழே சரியும் தோள் பகுதியைத் தலைகீழாக அதற்குள் செருகினால் இரட்டைச் சுவர் கிடைக்கும். நடுவில் ஊற்றும் ஸ்பிரிட் (எரிபொருளாகும் ஆல்கஹால்), உள்சுவரின் அடியில் இருக்கும் வெட்டுகள் வழியாக இரு சுவர்களுக்கும் இடையே போகிறது. நடுவில் பற்றவைத்த தீ சுவரைச் சூடாக்க, இடையில் உள்ள ஸ்பிரிட் ஆவியாகி வெளிச்சுவரின் துளைகள் வழியே பீறிட்டு எரிகிறது. மண்ணெண்ணெய்ப் பம்பு ஸ்டவ்வில் முதலில் கொஞ்சம் ஸ்பிரிட் ஊற்றிப் பர்னரைச் சூடேற்றுவார்களே, அதே வேலைதான். இங்கே சூடேற்றுவதும் எரிவதும் ஒரே ஸ்பிரிட்.

பாட்டில் தேர்வு

சுவர் நேராக இருக்கும், அடி விட்டம் 55 முதல் 66 மி.மீ. வரையுள்ள பாட்டில் எடுங்கள். ஒரே மாதிரி இரண்டு கிடைத்தால் நல்லது, காரணம் பின்னால் வரும். சாதாரண குளிர்பான கேனின் சுவர் ஏறத்தாழ 0.1 மி.மீ.தான். அதிலும் அடுப்பு செய்யலாம், ஆனால் பையில் நசுங்கும், பாத்திரத்தின் கனத்துக்கு வளையும். பாட்டில் சுவர் அதைவிடப் பல மடங்கு தடிமன் என்பதால் ஒரு லிட்டர் பாத்திரத்தை அசையாமல் தாங்கும்.

ஸ்டீல் தண்ணீர் பாட்டில் வேண்டாம். வெட்டுவது கடினம் என்பது இருக்கட்டும், அலுமினியத்தைப் போல அது வெப்பத்தைக் கடத்தாது. மேலே எரியும் தீயின் சூடு சுவர் வழியாகக் கீழே இறங்கினால்தான் ஸ்பிரிட் ஆவியாகும். சென்ட், டியோடரன்ட் போன்ற அழுத்தக் குப்பிகளை வெட்டவே கூடாது. காலியாகத் தெரிந்தாலும் உள்ளே வாயு மிச்சமிருக்கும்.

வெட்டுவது

கையுறை போட்டுக்கொள்ளுங்கள். வெட்டிய அலுமினிய விளிம்பு சவர பிளேடு மாதிரி கிழிக்கும்.

அடியிலிருந்து 50 மி.மீ. உயரத்தில் கோடு வேண்டும். மார்க்கரைக் கையில் பிடித்துச் சுற்றினால் கோடு கோணலாகும். 50 மி.மீ. உயரத்துக்கு மரக்கட்டையோ புத்தகங்களோ அடுக்கி, மார்க்கரை அதன்மேல் அழுத்திப் பிடித்து, பாட்டிலைத் தரையில் நிறுத்திச் சுழற்றுங்கள். தொடங்கிய இடத்திலேயே கோடு வந்து சேர வேண்டும். பல் நெருக்கமான, அங்குலத்துக்கு 32 பல் உள்ள ஹேக்சா பிளேடால் கோட்டுக்கு 1 மி.மீ. மேலே மெதுவாகச் சுற்றிச் சுற்றி வெட்டுங்கள். ஒரே பக்கம் அழுத்தி அறுத்தால் சுவர் உள்ளே மடங்கும். மிச்சமுள்ள அந்த 1 மி.மீ.யைத் தேய்த்து எடுக்க வேண்டும்: சமமான கண்ணாடித் துண்டின்மேல் 240 எண் எமரி பேப்பரை விரித்து, கிண்ணத்தைக் கவிழ்த்து வட்டமாகத் தேயுங்கள். கடைசியில் 400 பேப்பர்.

அடுத்தது தோள். நேர்ச்சுவர் முடிந்து சரிவு தொடங்கும் இடத்திற்கு 6 மி.மீ. கீழே ஒரு வெட்டு. அதாவது தோளோடு 6 மி.மீ. நேர்ச்சுவரும் ஒரு வளையமாக ஒட்டிக்கொண்டு வர வேண்டும். பிறகு கழுத்துப் பக்கம் வெட்ட வேண்டும். எங்கே என்பது பாட்டிலுக்குப் பாட்டில் மாறும், ஏனென்றால் அடி உள்பக்கமாக மேடாக இருக்கும். தோளைக் கிண்ணத்தின் பக்கத்தில் தலைகீழாகப் பிடித்து, அடி மேட்டில் அது எங்கே உட்காரும் என்று பார்த்து அளவு எடுங்கள். கிண்ண விளிம்பும் தோள் விளிம்பும் சமமாக நிற்கும்போது கீழ்முனை அடியைத் தொட வேண்டும். 2 மி.மீ. நீளமாக வெட்டித் தேய்த்துக் குறைப்பது பாதுகாப்பு. குட்டையாகிவிட்டால் உள்சுவர் அந்தரத்தில் நிற்கும், பாத்திரம் வைத்ததும் கீழே நழுவும்.

கீழ்முனையில் சம இடைவெளியில் நான்கு முக்கோண வெட்டுகள் போடுங்கள். ஒவ்வொன்றும் 4 மி.மீ. உயரம். முக்கோண அரம் இதற்குச் சரியாக இருக்கும்.

துளைகள்

இரண்டையும் பொருத்துவதற்கு முன்பே துளை போட்டுவிடுங்கள். பொருத்திய பிறகு போட்டால் பிட் உள்சுவரையும் குத்தும், பிசிறு உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

கிண்ணத்தைச் சுற்றி ஒரு காகிதப் பட்டையைச் சரியாக ஒரு சுற்று வருமாறு வெட்டி, நான்கு முறை பாதியாக மடித்துப் பிரித்தால் 16 சம பாகம் கிடைக்கும். அதைச் சுற்றி ஒட்டி, விளிம்பிலிருந்து 10 மி.மீ. கீழே ஒவ்வொரு மடிப்பிலும் ஊசியால் புள்ளி குத்துங்கள். கிண்ணத்துக்குள் மரத்துண்டு ஒன்றை முட்டுக்கொடுத்து 1 மி.மீ. பிட்டால் துளையிடுங்கள். 10 மி.மீ. என்பதற்குக் காரணம் உண்டு: மேலே 6 மி.மீ. வரை இரு சுவரும் ஒட்டிக்கொண்டிருக்கும், அங்கே துளை போட்டால் பின்னால் ஆவி இருக்காது. துளை பெரிதானால் ஆவி வேகமில்லாமல் சோம்பலாக எரியும். உள்பக்கப் பிசிறுகளை எமரி பேப்பரால் சுத்தமாக எடுத்துவிடுங்கள். பாதித் துளைகள் எரியாமல் போவதற்குப் பெரும்பாலும் இந்தப் பிசிறுதான் காரணம்.

பொருத்துவது

இந்த அடுப்பின் உயிர் இங்கேதான் இருக்கிறது. இரண்டு துண்டும் ஒரே விட்டம் என்பதால் ஒன்று மற்றொன்றுக்குள் தானாகப் போகாது. இரண்டாவது பாட்டில் இதற்குத்தான். அதன் அடி ஓரம் சற்றுக் குவிந்திருக்கும். அதைக் கிண்ணத்தின் வாய்க்குள் வைத்து, அழுத்திக்கொண்டே திருகினால் வாய் கொஞ்சம் விரியும். ஒரே மூச்சில் அழுத்தாதீர்கள், விளிம்பு கிழிந்துவிடும். 7 மி.மீ. ஆழம் வரை விரிந்தால் போதும்.

பிறகு தோளை வைத்து, மேலே ஒரு பலகையால் மூடி, ரப்பர் சுத்தியலால் நடுவில் மெல்லத் தட்டி இறக்குங்கள். சுவர் மிகத் தடிமனாக இருந்து விரியவில்லையென்றால், கூர்முனைக் கொறடால் தோளின் நேர்ச்சுவரில் சிறு நெளிவுகள் போட்டுச் சுற்றளவைக் குறைக்கலாம். அப்போது விளிம்பில் சந்துகள் உண்டாகும். அவற்றை 250 டிகிரி செல்சியஸுக்கு மேல் தாங்கும் உலோக எபாக்ஸியால் அடைக்க வேண்டும். சாதாரண எபாக்ஸி பசை இந்தச் சூட்டில் இளகி உரிந்துவிடும்.

விளிம்பை மறுபடி கண்ணாடிமேல் தேய்த்துச் சமமாக்குங்கள். இருட்டில் அடுப்பைக் கண்ணாடித் துண்டின்மேல் கவிழ்த்து, கண்ணாடிக்கு அடியிலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். துளைகள் வழியே வெளிச்சம் தெரியும், அது சரி. விளிம்படியில் கசிந்தால் அங்கேதான் ஆவியும் கசியும். வெளியே உள்ள பெயின்ட்டைத் தேய்த்து எடுங்கள். உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருக்கும், அது முதல் எரிப்பில் புகைந்து போகும். அந்த எரிப்பைத் திறந்தவெளியில், சமைக்காமல் செய்யுங்கள்.

எரிபொருள்

எத்தனால் 90 சதவீதத்துக்கு மேலுள்ள மெத்திலேட்டட் ஸ்பிரிட் போதும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் பாத்திரத்தைக் கரியாக்கும். 70 சதவீதம் உள்ளது என்றால் அதிலிருக்கும் தண்ணீரால் துளைகள் பற்றவே பற்றாது. சானிடைசர் ஜெல்லும் வேண்டாம். பெட்ரோல், தின்னர், மண்ணெண்ணெய் ஊற்றினால் இது அடுப்பாக இருக்காது, வெடியாகிவிடும்.

மெத்தனால் நன்றாக எரியும், ஆனால் அது விஷம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60 பேருக்கு மேல் உயிரிழந்தது மெத்தனால் கலந்த சாராயத்தால்தான். மெத்திலேட்டட் ஸ்பிரிட்டிலும் மெத்தனால் கலந்திருக்கலாம். எந்த ஸ்பிரிட்டையும் தண்ணீர் பாட்டிலில் வைக்காதீர்கள். தனி பாட்டில், பெரிய எழுத்தில் பெயர், குழந்தைகள் கைக்கு எட்டாத இடம். தமிழ்நாட்டில் இவற்றை வாங்கவும் வைத்திருக்கவும் சட்டக் கட்டுப்பாடு உண்டு, ஆகவே உரிமம் உள்ள கடையில் அனுமதிக்கப்பட்ட அளவைக் கேட்டு வாங்குங்கள். ரயிலிலோ விமானத்திலோ கொண்டுபோகக் கூடாது.

பற்றவைப்பது

சமதரையில், சுற்றிலும் ஒரு மீட்டருக்குக் காய்ந்த புல் சருகு இல்லாத இடத்தில் வையுங்கள். அணைப்பதற்கு அடுப்பைவிட அகலமும் உயரமும் உள்ள தகர டப்பா ஒன்று பக்கத்தில் இருக்கட்டும், ஒரு பாத்திரம் தண்ணீரும்.

அளந்து 20 மி.லி. ஸ்பிரிட்டை நடுவில் ஊற்றி, பாட்டிலை மூடித் தூர வைத்துவிட்டு, நீளமான தீக்குச்சியால் பற்றவையுங்கள். முதலில் நடுவில் மட்டும் எரியும். அரை நிமிடம் முதல் ஒரு நிமிடத்துக்குள் உள்ளே கொதிக்கும் சத்தம் கேட்கும், பக்கத் துளைகளில் ஒவ்வொன்றாகச் சுடர் பிடிக்கும். 16 துளையும் பிடித்த பிறகே பாத்திரத்தை வையுங்கள். அதற்கு முன் வைத்தால் குளிர்ந்த பாத்திரம் அடுப்பின் சூட்டை உறிஞ்சித் தீயை அணைத்துவிடும். வைத்ததும் நடுத்தீ காற்றில்லாமல் அணையும், பக்கச் சுடர்கள் மட்டும் எரியும். சுடர் வெளிப்பக்கமாக விரிவதால் தட்டையான, 12 செ.மீ.க்குக் குறையாத அடியுள்ள பாத்திரம் வேண்டும். டம்ளரில் வைத்தால் பாதிச் சூடு காற்றோடு போகும்.

25 மி.லி.க்கு மேல் எப்போதும் ஊற்றாதீர்கள். பாத்திரம் நடுவாயை மூடியதும் உள்ளழுத்தம் ஸ்பிரிட்டை இரு சுவர்களுக்கு நடுவே மேலே தள்ளும். அளவு அதிகமாக இருந்தால் ஆவிக்குப் பதில் எரியும் திரவமே துளைகளிலிருந்து துப்பும். காற்றுத் தடுப்பை ஒட்ட வைத்தாலும் அடுப்பு அதிகச் சூடாகி இதேதான் நடக்கும். பாத்திரத்துக்கும் தடுப்புக்கும் இடையே இரண்டு செ.மீ. விடுங்கள், தடுப்பின் அடியில் காற்றுத் துளைகளும் இருக்கட்டும்.

பகல் வெளிச்சத்தில் ஸ்பிரிட் தீ கண்ணுக்குத் தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து மறுபடி ஊற்றுவதுதான் இந்த அடுப்பால் நேரும் மோசமான விபத்து. ஊற்றும் தாரை வழியே தீ பாட்டிலுக்குள் ஏறிவிடும். டப்பாவால் மூடி, ஐந்து நிமிடம் விட்டு, வெறுங்கையால் தொட முடிந்த பிறகே ஊற்றுங்கள். தீ மஞ்சளாகத் தெரியட்டும் என்று உப்புப் போடுபவர்கள் உண்டு. வேண்டாம், துளை அடைத்துக்கொள்ளும். கூடாரத்துக்குள் எரித்தால் கார்பன் மோனாக்சைடு சேரும், ஆகவே வெளியில் மட்டுமே.

ஒரு பக்கத் துளைகள் மட்டும் எரிந்தால் தரை சாய்வா என்று பாருங்கள், பிறகு விளிம்புக் கசிவு, பிசிறு. எதுவுமே பிடிக்கவில்லையென்றால் ஸ்பிரிட்டில் தண்ணீர் இருக்கும், அல்லது கீழ் வெட்டுகள் அடைத்திருக்கும். மலைக்குளிரில் ஸ்பிரிட் எளிதில் பற்றாது. பாட்டிலைக் கொஞ்ச நேரம் சட்டைக்குள் வைத்துக்கொண்டால் சரியாகும். எரிந்து முடிந்தபின் அடியில் கொஞ்சம் நீர் தேங்கும். அடுப்பு நன்றாக ஆறியபின் அதைக் கொட்டிவிட்டே அடுத்த முறை ஊற்றுங்கள்.

இந்த அடுப்பில் மூடும் வால்வு கிடையாது, சாய்ந்தால் எரியும் ஸ்பிரிட் தரையில் ஓடும். காப்புக்காடுகளில் தீ மூட்டுவது குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறச் சென்றவர்கள் உயிரிழந்ததை யாரும் மறந்துவிடக் கூடாது. தீ மூட்ட அனுமதியுள்ள முகாமிடத்தில், புல் அகற்றிய மண்ணிலோ பாறையிலோ மட்டும் எரியுங்கள்.