தோர்ப்னெஸ் போகிறீர்களா?

இங்கிலாந்தின் சஃபோக் கடற்கரைக்குப் போனால், ஆல்ட்பரோவிலிருந்து வடக்கே சுமார் 3 கிலோமீட்டர் நடந்தே தோர்ப்னெஸ் போய்விடலாம். கரை முழுக்கக் கூழாங்கல். செருப்பு சரிப்படாது, ஷூ போடுங்கள்.

சின்ன மீனவக் குப்பமாக இருந்ததை, 1910 வாக்கில் ஸ்டூவர்ட் ஓகில்வி என்ற செல்வந்தர் விடுமுறைக் கிராமமாக மாற்றத் தொடங்கினார். டியூடர் காலத்து (16-ஆம் நூற்றாண்டு வாக்கு) வீடுகள் என்று மயங்காதீர்கள், எல்லாம் அவர் கட்டியவைதான்! மியர் ஏரிகூட வெட்டியதுதான். ஆழம் இடுப்பளவுகூட வராது. குழந்தைகளோடு துடுப்புப் படகு எடுக்கலாம். ஏரியிலுள்ள தீவுகளுக்குப் பீட்டர் பான் என்ற சிறுவர் கதையிலிருந்து எடுத்த பெயர்கள்.

மரங்களுக்கு மேல் எட்டிப் பார்க்கும் சிவப்பு வீட்டைத் தவறவிடாதீர்கள். அது 1923-இல் வீடு போல வேஷம் கட்டிய தண்ணீர்த் தொட்டியாகத்தான் எழுந்தது. பக்கத்துக் காற்றாலைதான் அதற்குத் தண்ணீர் ஏற்றியது.