ஆண்டவர் முன் அரை முழங்கால்

செட்டிநாட்டில் யார் வீட்டுக்குப் போனாலும் செருப்பைக் கீழே விட்டுவிட்டுத்தான் திண்ணையில் ஏறுவோம். பெரியவர் எதிரே வந்தால் ஒதுங்கி நிற்போம். இதையெல்லாம் யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. அதே நாம் ஞாயிற்றுக்கிழமை நம் கத்தோலிக்கக் கோயிலுக்குள் நடந்துகொள்கிற விதத்தைப் பார்த்தால் மனசு சங்கடப்படுகிறது.

முதலில் நற்கருணைப் பேழை, அதாவது பூசையில் அர்ச்சித்த அப்பத்தை வைத்திருக்கும் பெட்டி. பக்கத்தில் எரியும் விளக்கு, ஆண்டவர் உள்ளே இருக்கிறார் என்பதற்கான அடையாளம். அதைப் பார்க்காமலே கடந்து போகிறோம். அப்படியே நின்றாலும் பலர் போடுவது அரை முழங்கால்தான். கால் லேசாக மடங்கும், கண் உட்கார இடம் தேடும், கை நெற்றிக்கும் நெஞ்சுக்கும் நடுவே காற்றில் ஏதோ கோடு இழுக்கும்.

என் அப்பத்தாவுக்குக் கடைசிக் காலத்தில் முழங்கால் மடங்காது. முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டு, ஒரு கையால் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு இடுப்பு வரை குனிவார். இரண்டு மூச்சு நேரம் அப்படியே இருப்பார். நான் கையைப் பிடித்து இழுத்தால், “பெரியவுக முன்னால அவசரப்படக் கூடாதுய்யா” என்பார்.

வலது முழங்கால் தரையைத் தொட வேண்டும் என்பது முறை. கைகூப்பி ஆழமாகக் குனிந்தும் வணங்கலாம். நம் நாட்டு வழக்கப்படி திருப்பலியில் (பூசையில்) செய்துகொள்ள 1969-இல் ரோம் ஒப்புதல் தந்த 12 அம்சங்களில் இதுவும் உண்டு. தரையில் அமர்வதும், செருப்பைக் கழற்றிவிட்டு வருவதும் உண்டு. ஆக, குனிவதில் ஒரு குறையும் இல்லை. அரைகுறையாக விடுவதுதான் குறை.

நற்கருணை வாங்குவதற்கு முன் ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. தண்ணீரும் மருந்தும் பரவாயில்லை. வயதானவர்களுக்கும் நோயாளிகளுக்கும் விலக்கு உண்டு. திருவிழா அன்று பந்தியில் பலகாரத்தை முடித்த கையோடு வரிசையில் போய் நிற்கிறோமே, அதைத் தவிர்க்கலாம்.

தேவகோட்டைப் பக்கத்து மக்களுக்கு ஓரியூர் தூரமில்லை. போர்ச்சுகலிலிருந்து வந்து இங்கே மறை போதித்த புனித அருளானந்தர் 1693 பிப்ரவரி 4 அன்று வெட்டிக் கொல்லப்பட்ட இடம். அவர் இரத்தத்தால் சிவந்தது என்று நம்பி அந்த மண்ணைப் பொட்டலம் கட்டி எடுத்து வருகிறோம். அதில் தவறில்லை. ஆனால் நேரே அவர் சுரூபத்துக்கு (சிலைக்கு) ஓடி, தொட்டுக் கும்பிட்டு, பேழைப் பக்கம் திரும்பாமலே பஸ் ஏறுவது தவறு. புனிதருக்கு வணக்கம் உண்டு. ஆராதனை கடவுளுக்கு மட்டும்தான். அருளானந்தர் உயிரைக் கொடுத்ததும் அந்த ஆண்டவருக்காகத்தானே?

அப்புறம், பிள்ளைகளிடம் “சாமி கண்ணைக் குத்தும்” என்று சொல்வது. தயவுசெய்து வேண்டாம். பயந்த பிள்ளை ஒளிந்துகொள்ளும், கும்பிடாது. இயேசு கடவுளை அப்பா என்றுதான் கூப்பிட்டார். நாமும் ஜெபத்தில் ‘நீர்’, ‘உம்மை’ என்கிறோம். வீட்டில் யாரையும் அப்படிக் கூப்பிடுவதில்லை. அவருக்கென்றே வைத்திருக்கிற சொல் அது. மரியாதையும் உரிமையும் அதில் சேர்ந்தே இருக்கிறது. அதைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள்.

இதுவரை சொன்னவை எல்லாம் உடம்பால் செய்வது. இவற்றில் ஒன்றும் தவறாமல் செய்துவிட்டு, பங்காளியோடு பேச்சுவார்த்தை இல்லாமல் ஒரே கோயிலில் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்திருக்கிற குடும்பங்கள் நம்மிடையே உண்டு. ஒரு வரப்புக்காக, வீட்டில் ஒரு தாழ்வாரப் பத்திக்காகப் பத்து வருஷம் முகம் பார்க்காதவர்கள். சமாதான வாழ்த்து சொல்லும் நேரத்தில் எதிர்ப்பக்கம் திரும்பிக் கும்பிடுவார்கள். இதைவிடப் பெரிய அவமரியாதை எனக்குத் தெரியவில்லை. காணிக்கை கொண்டுவரும்போது சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னே வைத்துவிட்டுப் போய் முதலில் அவனோடு சமாதானமாகு என்கிறார் இயேசு. மத்தேயு 5-ஆம் அதிகாரம். யார்மேல் தப்பு என்று அங்கே அவர் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு பூசைக்குக் கிளம்பும்போது கொஞ்சம் முன்னதாகவே கிளம்பி, அந்த வீட்டு வாசலில் நின்று ஒரு குரல் கொடுத்துவிட்டு வாருங்கள்.