ஒரு திட்டு, இரண்டு பரம்பரைகள்: இலைக்கனை ஆராயும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலைக்கன் என்பது பொதுவாக ஒரு பங்கசும் ஓர் அல்காவும் (பாசியும்) ஒன்றாக வாழும் கூட்டுயிர். கொழும்பு விகாரமகாதேவி பூங்காவின் பழைய மரங்களில் சாம்பலும் வெள்ளையுமாகப் படர்ந்திருக்கும் இலைக்கன் திட்டுகளை எண்ணப் புறப்படும் உயிரியல் மாணவர்கள், முதற்பக்கத்திலேயே ஒரு திட்டை ஒரு தனியன் என்று குறித்துவிடுகிறார்கள். பிற்பாடு நேரும் பிழைகளில் பெரும்பாலானவை இதிலிருந்தே கிளைக்கின்றன. அருகருகே முளைத்த இளம் பிரிவிலிகள் (இலைக்கனின் உடல்கள்) வளரும்போது ஒன்றோடொன்று இணைந்துவிடலாம் என்பதால், ஒரே திட்டுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட பங்கசுப் பரம்பரைகள் இருக்கக்கூடும். மறுபுறத்தில், அதே அடிமரத்திலுள்ள பத்துத் திட்டுகளும் ஒரே பிரிவிலியிலிருந்து உதிர்ந்த துகள்களால் உண்டான, ஒரே பரம்பரையின் பிரதிகளாகவும் இருக்கலாம்.

இலைக்கனுக்கு நாம் வழங்கும் இனப்பெயர், பெயரிடல் விதிகளின்படி, அதிலுள்ள பங்கசுக்கு மட்டுமே உரியது. அல்காவுக்குத் தனிப்பெயர் உண்டு. ஆகவே இனப்பெயரை வைத்துக்கொண்டு அல்கா எது என்று ஊகிப்பது தவறு. உலகளவில் திரெபொக்சியா என்னும் பச்சை அல்காவே அதிகம் பேசப்படுகிறது. ஆனால் எமது ஈரவலயத் தாழ்நிலத்து மரப்பட்டைகளில் ஒட்டிப் படரும் எழுத்து இலைக்கன்களில் பொதுவாக இருப்பது திரெந்தெபோலியா. மேற்படையை நகத்தால் மெல்லச் சுரண்டினால் தூய பச்சைக்குப் பதிலாக மஞ்சள் அல்லது செம்மஞ்சள் கலந்த நிறம் தெரியும்; அல்காவின் கலங்களில் சேர்ந்துள்ள கரொட்டினொயிட்டு நிறப்பொருள்களே அதற்குக் காரணம்.

இனப்பெருக்கம் பற்றிய குழப்பமே மிகப் பெரிது. எழுத்து இலைக்கனின் மேற்பரப்பில் கிறுக்கியதுபோல் தெரியும் கரிய கோடுகள் பங்கசுவின் கனியுடல்கள். அவற்றில் ஒடுக்கற்பிரிவின் பின் உருவாகும் வித்திகளில் அல்கா கிடையாது. வித்தி முளைத்த இடத்தில் பொருந்தும் அல்கா கிடைத்தால்தான் புதிய பிரிவிலி உண்டாகும். எனவே “இலைக்கன் இலிங்கமுறையில் இனம்பெருக்குகிறது” என்று பொத்தாம்பொதுவாக எழுதுவது சரியன்று. இரு பங்காளிகளையும் ஒன்றாகச் சுமந்து செல்பவை, மாப்போல் உதிரும் சொரிடியாக்களும் விரல்போல் நீளும் இசிடியாக்களுமே. இந்த இரண்டு வழிகளும் ஒன்றையொன்று விலக்குபவை என்று கொள்வதும் பிழை: மஞ்சள் நிறச் சந்தோரியா பரியெட்டினாவைத் தின்னும் உண்ணிகளின் எச்சத்தில், முளைக்கக்கூடிய வித்திகளும் உயிருள்ள அல்காக் கலங்களும் சேர்ந்தே காணப்பட்டுள்ளன. (உண்ணியின் எச்சத்தை நுணுக்குக்காட்டியில் தேடிய பொறுமை பாராட்டத்தக்கது.)

கனியுடல் இல்லையென்றால் அந்த இனத்துக்கு இலிங்கமுறையே இல்லை என்று முடிவுகட்டுவதும் அவசரமே. ஐரோப்பியக் காடுகளில் வெகுவாக ஆராயப்பட்ட லொபாரியா புல்மொனாரியாவின் பங்கசு இலிங்கமுறையில் இனம்பெருக்க, எதிரெதிரான இரண்டு இணைவு வகைகள் சந்தித்தாக வேண்டும். ஒரு மரத்தில் ஒரே வகை மட்டும் படர்ந்திருந்தால் அங்கே வித்திகள் தோன்றமாட்டா. சந்தோரியா பரியெட்டினாவோ துணையின்றியே கனியுடல் தரவல்லது. அங்கே கனியுடல்கள் மலிந்திருப்பதை மட்டும் கண்டு பிறப்புரிமைப் பல்வகைமை உயர்ந்தது எனக் கூற முடியாது.

அல்காவை வெறும் பிரதியாக நினைப்பதும் வழக்கமாகிவிட்டது. பிரிவிலிக்குள் அது இலிங்கமில் முறையிலேயே பெருகுவதாகத் தெரிகிறது. ஆயினும் திரெபொக்சியாவின் பரம்பரையலகுத் தொடர்கள் மீள்சேர்க்கையின், அதாவது இலிங்கமுறையில் பரம்பரையலகுகள் கலந்ததன், தடயங்களைக் காட்டுகின்றன.

ஆய்வுகூடத்தில் கவனிக்க வேண்டியது வேறு. ஒரு துண்டிலிருந்து பிரித்தெடுக்கும் டி.என்.ஏ.யில் பங்கசு, அல்கா, மேலே குடியேறிய பிற பங்கசுக்கள், பற்றீரியாக்கள் எல்லாம் கலந்திருக்கும். இனங்காணப் பயன்படும் ஐ.ரி.எஸ். என்னும் டி.என்.ஏ. பகுதி பங்கசுக்கும் பச்சை அல்காவுக்கும் பொதுவாக உள்ளதால், பொதுப் பிறைமர்களை (குறித்த டி.என்.ஏ. பகுதியைப் பெருக்க உதவும் சிறு துண்டுகளை) பயன்படுத்தினால் இரண்டின் சமிக்ஞைகளும் ஒன்றன்மேல் ஒன்று விழும். 2016ஆம் ஆண்டு, ஸ்பிரிபில் என்பவரின் குழு சில இலைக்கன்களின் மேற்படையில் பசிடியோமைசீற்று என்னும் பங்கசுப் பிரிவைச் சேர்ந்த மதுவங்களைக் கண்டறிந்தது. அதைக்கொண்டு எல்லா இலைக்கனிலும் மூன்றாம் பங்காளி உண்டு என்று எழுதுவோர் உள்ளனர். பின்வந்த ஆய்வுகள் அப்பொதுமையை ஆதரிக்கவில்லை. ஆகவே பிரிவிலியின் ஓரத்திலிருந்து சுத்தமான சிறு துண்டை எடுத்து, பங்கசுக்கு ஒன்றும் அல்காவுக்கு ஒன்றுமாகத் தனித்தனிப் பிறைமர்களைப் பயன்படுத்தி, பெறுபேறுகளை இரு தனி நிரல்களில் பதிய வேண்டும்.