பிரஷ் கட்டர் ஸ்டார்ட் ஆகவில்லையா? முதலில் பிளக்கைக் கழற்றுங்கள்

கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் விட்டுப்போன பிறகு பலரும் கை வைக்கும் இடம், பெட்ரோலையும் காற்றையும் கலந்து விடும் கார்ப்ரேட்டரின் பக்கவாட்டில் இருக்கும் இரண்டு சின்ன ஸ்க்ரூக்கள். சின்னப் பழுது பெரிய செலவாக மாறுவது அங்கேதான். போன வாரம் வரை நன்றாக ஓடிய இஞ்சினில் அந்த ஸ்க்ரூ தானாகத் திரும்பியிருக்காது. காரணம் வேறு எங்கோ இருக்கிறது. அது எந்தப் பக்கம் என்பதை ஸ்பார்க் பிளக்கே சொல்லிவிடும்.

இங்கே சொல்வது பெரும்பாலும் புல், புதர் வெட்டும் 43, 52 சிசி டூ ஸ்ட்ரோக் பிரஷ் கட்டருக்கு. அதே வகை கார்ப்ரேட்டர் உள்ள செயின் சா, முதுகில் மாட்டும் பவர் ஸ்பிரேயருக்கும் பொருந்தும்.

கழற்றும் முன்

ஸ்விட்ச் ஆனில் இருக்கிறதா பாருங்கள். சிரிக்க வேண்டாம், புதர் உரசி ஸ்விட்ச் ஆஃப் ஆவது அடிக்கடி நடக்கும். பிறகு ஸ்டார்ட் செய்யும் முறை. கார்ப்ரேட்டருக்குப் பெட்ரோல் ஏற்றும் பிரைமர் பல்பை ஏழெட்டு முறை அமுக்கி, டேங்குக்குத் திரும்பும் குழாயில் பெட்ரோல் ஓடுவதைப் பார்த்த பிறகு, காற்றைக் குறைக்கும் சோக்கை மூடி இழுக்க வேண்டும். இஞ்சின் ஒருமுறை 'டுப்' என்று சத்தம் கொடுத்து நின்றதும் சோக்கைத் திறந்துவிட வேண்டும். அந்த ஒரு சத்தத்தைக் கவனிக்காமல் சோக் மூடியபடியே இழுத்துக்கொண்டிருந்தால் பெட்ரோல் உள்ளே தேங்கி, நல்ல இஞ்சினும் அடங்கிவிடும். சூடாக இருக்கும் இஞ்சினுக்குச் சோக்கே தேவையில்லை.

டேங்கில் இருப்பது மாதக் கணக்கான பெட்ரோல் என்றால் மேற்கொண்டு சோதிக்காமல் கொட்டிவிடுங்கள். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்தது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும். டேங்குக்குள் இருக்கும் ஃபில்டர் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். அந்த அடி நீரில், பெட்ரோலோடு கலக்கும் 2டி ஆயில் இருக்காது என்பதால், தப்பித்தவறி இஞ்சின் ஓடிவிட்டால் பிஸ்டன் சீஸ் ஆகும், அதாவது சிலிண்டரில் இறுகிப் பிடித்துக்கொள்ளும். கொஞ்சத்தைக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றிக் கால் மணி நேரம் வைத்தால் அடியில் தனிப் படலம் தெரியும்.

புதிதாகக் கலக்கும்போது பெட்ரோல், ஆயில் விகிதம் 25:1 என்றால் லிட்டருக்கு 40 மி.லி., 50:1 என்றால் 20 மி.லி. எது என்பது மெஷினோடு வந்த கையேட்டில் இருக்கும். பாட்டில் மூடிக் கணக்கில் ஊற்றாமல் ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து ஊற்றுங்கள். ஆயில் கூடினால் பிளக்கும் சைலன்சரும் கரியால் அடைபடும். குறைந்தால் பிஸ்டனே போய்விடும்.

பிளக் ஈரமா, காய்ந்திருக்கிறதா?

சோக் மூடி ஏழெட்டு இழுப்பு இழுத்துவிட்டு உடனே பிளக்கைக் கழற்றி நுனியைப் பாருங்கள்.

காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. இதை உறுதி செய்ய, பிளக் துளையில் அரை டீஸ்பூன் கலந்த பெட்ரோல் விட்டு, பிளக்கை மாட்டி இழுங்கள். இரண்டு விநாடி ஓடி நின்றால் கரண்ட், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) இரண்டும் சரி, பழுது பெட்ரோல் பாதையில்தான்.

அந்தப் பாதையில் முதல் சந்தேகம் டேங்க் மூடி. மூடியில் காற்று உள்ளே போகும் வழி அடைபட்டால் டேங்கில் வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோல் நின்றுவிடும். பத்து நிமிடம் ஓடி நின்று, மூடியைத் தளர்த்தியதும் மறுபடி ஓடுகிறதென்றால் வேறெங்கும் தேட வேண்டாம். அடுத்தது ஃபில்டர்: கம்பியை வளைத்து டேங்குக்குள் விட்டு வெளியே இழுத்துப் பாருங்கள். கறுத்து அழுக்கேறியிருந்தால் கழுவிக்கொண்டிருக்காமல் மாற்றிவிடலாம்.

பிரைமர் பல்பும் விஷயம் சொல்லும். அமுக்கியது எழாமல் ஒட்டிக்கொண்டால் உறிஞ்சும் பக்கம் அடைப்பு. லேசாக அமுங்கி, காற்று மட்டும் வந்தால் பல்போ குழாயோ வெடித்திருக்கிறது. குழாய் டேங்குக்குள் நுழையும் இடத்தில் வளைத்துப் பார்த்தால்தான் வெடிப்பு தெரியும். இரண்டு குழாய்களும் இடம் மாறி மாட்டப்பட்டிருந்தாலும் பெட்ரோல் ஏறாது. சர்வீஸ் முடிந்து வந்ததும் ஓடாத மெஷினில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஃபில்டர் உள்ள குழாய் கார்ப்ரேட்டர் உடலுக்குப் போகும். பல்பிலிருந்து வருவது டேங்குக்குத் திரும்பும்.

இவ்வளவும் சரியென்றால்தான் கார்ப்ரேட்டரைத் திறக்கலாம். உள்ளே வளைந்து கொடுக்கும் மெல்லிய படலமாக இரண்டு டயாபிராம் உண்டு. ஒன்று பெட்ரோலை இழுக்கும் பம்ப், மற்றொன்று அளந்து விடுவது. விரலால் தொட்டால் துணிபோலத் தளர்ந்திருக்க வேண்டும். விறைத்து மொரமொரத்தால் ஆயுள் முடிந்தது. பம்ப் பக்கம் உள்ள பொட்டளவு சல்லடையில் சேறு படிந்திருக்கும், ஊசி முனையால் மெல்ல எடுத்துக் கழுவுங்கள். மாட்டும்போது அடுக்கு முக்கியம். பெரும்பாலான டயாபிராம் கார்ப்ரேட்டர்களில் பம்ப் பக்கம் முதலில் டயாபிராம், அதன்மேல் கேஸ்கெட் (கசிவைத் தடுக்கும் தாள்). அளக்கும் பக்கம் முதலில் கேஸ்கெட், அதன்மேல் டயாபிராம். கழற்றும்போதே செல்போனில் படம் எடுத்துக்கொண்டால் குழப்பமில்லை. ஜெட் துளைகளில் கம்பி விடாதீர்கள், துளை பெரிதாகிவிடும். பஞ்சர் கடை கம்ப்ரசர் காற்றும் வேண்டாம், உள்ளிருக்கும் சின்ன வால்வு பிய்ந்துவிடும். ரப்பர் பாகங்கள் உள்ளே இருக்கும்போது கார்ப்ரேட்டர் கிளீனர் அடிக்கவும் கூடாது.

ஈரமாக இருந்தால்

பெட்ரோல் வருகிறது, எரியவில்லை. பிளக்கைத் துடைத்துக் காயவையுங்கள். சோக்கைத் திறந்து, ஆக்சிலேட்டரை முழுதாகப் பிடித்துக்கொண்டு, பிளக் இல்லாமல் பத்து முறை இழுத்தால் தேங்கிய பெட்ரோல் வெளியேறும். பிளக் தொப்பியை விலக்கி வையுங்கள். வெளியே தெறிக்கும் ஆவியில் பொறி பட்டால் கை கருகும்.

ஆவி கலைந்த பிறகு, பிளக்கைத் தொப்பியில் மாட்டி, அதன் மரையைத் துளைக்குத் தள்ளி சிலிண்டர் இறக்கையில் அழுத்தி, நிழலில் இழுத்துப் பாருங்கள். நீலமாகச் சடக்கென்று அடித்தால் நல்ல கரண்ட். மஞ்சளாகச் சோம்பினால் பிளக்கை மாற்றுங்கள். இடைவெளி 0.6 முதல் 0.7 மி.மீ. வெளியே நன்றாக அடிக்கும் பிளக் உள்ளே அழுத்தத்தில் அடிக்காமல் போவதும் உண்டு, அதனால் புதுப் பிளக் ஒன்று கைவசம் இருப்பது நல்லது.

புதுப் பிளக்கிலும் கரண்ட் இல்லையென்றால், பிளக்குக்குக் கரண்ட் தரும் காயிலிலிருந்து ஸ்விட்சுக்குப் போகும் மெல்லிய ஒயரைக் கழற்றிவிட்டு இழுங்கள். இப்போது கரண்ட் வந்தால் காயில் நல்லது. ஒயர் எங்கோ தோல் உரிந்து பாடியைத் தொடுகிறது. கைப்பிடி அருகே ஆக்சிலேட்டர் கேபிளோடு உரசும் இடத்தில் பாருங்கள். ஒயர் இல்லாமல் ஓட்டினால் ஸ்விட்சால் நிறுத்த முடியாது, சோக்கை மூடித்தான் நிறுத்த வேண்டும். அதனால் இந்தச் சோதனையின்போது பிளேடைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

அப்படியும் வரவில்லையென்றால், காயில் அருகே சுழலும் சக்கரத்திலுள்ள மேக்னட்டின் துருவைத் தேய்த்து எடுத்து, காயிலுக்கும் மேக்னட்டுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு வைத்து ஸ்க்ரூவை முடுக்குங்கள். தேவையான 0.3 மி.மீ. இடைவெளி ஏறக்குறைய அதன் தடிமன்தான். அதற்கும் மசியாத காயிலை மாற்ற வேண்டியதுதான்.

கரண்டும் பெட்ரோலும் இருந்தும் ஓடவில்லையென்றால்

சைலன்சரைக் கழற்றுங்கள். வாயிலுள்ள வலை கரியால் மூடியிருந்தால் புகை வெளியேறாது, புதுக் கலவையும் உள்ளே வராது. புகை வெளியேறும் துளையைப் பிஸ்டன் மூடும்படி நிறுத்திவிட்டு மரக்குச்சியால் கரியைச் சுரண்டுங்கள். ஸ்க்ரூடிரைவர் பிஸ்டனைக் கீறிவிடும். அதே துளை வழியே பிஸ்டனையும் பார்த்துவிடலாம். மேலிருந்து கீழாகக் கோடு கோடாகக் கீறல் இருந்தால் ஆயில் இல்லாமல் ஓட்டியிருக்கிறார்கள். கம்ப்ரஷன் கேஜில் 90 பிஎஸ்ஐ-க்குக் கீழே காட்டினால் ஸ்டார்ட் ஆவது கஷ்டம். பிளக் துளையில் சில சொட்டு ஆயில் விட்டதும் அழுத்தம் ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது.

குளிர்ந்திருக்கையில் ஒரே இழுப்பில் ஓடி, சூடான பின் நின்றால் மறுக்கும் இஞ்சினை ஆறவிட்டுச் சோதித்துப் பயனில்லை. நின்ற உடனே கரண்ட் பாருங்கள். சூட்டில் கரண்ட் போய் ஆறியதும் வந்தால் காயில்தான்.

ஹோண்டா ஜிஎக்ஸ்35 போன்ற ஃபோர் ஸ்ட்ரோக் என்றால் 2டி கலக்கவே கூடாது. ஆயில் 100 மி.லி. தான் பிடிக்கும், கூடுதலாக ஊற்றினால் பிளக் நனையும்.

கார்ப்ரேட்டரின் அந்த இரண்டு ஸ்க்ரூக்கள் இப்போதுதான். ஏற்கெனவே யாராவது திருகியிருந்தால் மட்டும் தொடுங்கள். வலிக்காமல் முழுதாக மூடி, ஒன்று முதல் ஒன்றரைச் சுற்று திறந்து தொடங்கலாம். அதிவேகத்துக்குப் பெட்ரோலை அளக்கும் 'எச்' ஸ்க்ரூவை அதிகம் மூடினால் வேகம் கூடியதுபோல் தோன்றும். பெட்ரோலோடு ஆயிலும் குறைந்து பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். டயாபிராம் செட் வாங்கப் போகும்போது மெஷின் பெயரை மட்டும் சொல்லாமல், கார்ப்ரேட்டர் உடலில் குத்தியிருக்கும் எழுத்தையும் எண்ணையும் குறித்துக்கொண்டு போங்கள். ஒரே மெஷினில் இரண்டு மூன்று விதக் கார்ப்ரேட்டர் வருகிறது.