ராத்திரி டயாலிசிஸ் மெஷின் அலறாமல் ஓட: வீட்டில் செய்ய வேண்டியவை

என் வீட்டுக்காரருக்கு வயிறு வழியாகச் செய்யும் டயாலிசிஸ். வயிற்றில் பொருத்தியிருக்கும் டியூபை ராத்திரி படுக்கும்போது மெஷினில் மாட்டிவிட்டால் விடியும்வரை அதுவே திரவத்தை உள்ளே விட்டு, ஊறவைத்து, வெளியே எடுத்துக்கொண்டிருக்கும். கேசட்டை எப்படிச் செருகுவது, எந்தப் பட்டனை அழுத்துவது என்பதையெல்லாம் ஆஸ்பத்திரியிலேயே பழக்கிவிடுவார்கள், அதனால் அதை விட்டுவிடுகிறேன். வடசென்னை கொருக்குப்பேட்டையில் சின்ன வீட்டில், கரண்டும் தூசியும் படுத்தும் இடத்தில் அதை எப்படி ஓட்டுவது என்பதுதான் இங்கே. உங்கள் டாக்டரோ நர்ஸோ வேறு மாதிரி சொல்லியிருந்தால் அவர்கள் சொன்னபடியே செய்யுங்கள்.

1. அறை

எண்ணூர், மணலி பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், காலையில் துடைத்த ஜன்னல் திட்டில் சாயங்காலம் விரல் வைத்தால் கறுப்பாக ஒட்டும். மாட்டுவதற்குக் கொஞ்ச நேரம் முன்பே ஈரத்துணியால் துடைத்து, ஜன்னலைச் சாத்தி, ஃபேனையும் ஏசியையும் நிறுத்திவிடுங்கள். மே மாதத்தில் வேர்த்துக் கொட்டும்தான், மாட்டி முடிக்கும்வரை பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும், அப்புறம் ஃபேன் போட்டுக்கொள்ளலாம். அறையில் இருக்கும் எல்லோருக்கும் மாஸ்க். கட்டி சோப்பு வேண்டாம், பம்ப் பாட்டில் வாங்குங்கள். கை துடைக்க டிஷ்யூ பேப்பர். கொடியில் தொங்கும் துண்டைத் தொடவே கூடாது.

2. மெஷின் வைக்கும் உயரம்

படுக்கிறவர் வயிறும் மெஷினும் கிட்டத்தட்ட ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். மெஷின் ரொம்ப மேலே இருந்தால் வெளியேறும் திரவம் மெதுவாக வரும், அலாரம் அடிக்கும். ரொம்பக் கீழே இருந்தால் இழுப்பு அதிகமாகி வயிறு வலிக்கும். பாயில் படுத்துப் பழகியவர்கள் டிவி ஸ்டாண்டு மேல் மெஷினை வைத்தால் சரிப்படாது. கட்டிலுக்கு மாறுவதுதான் என் யோசனை, முடியாவிட்டால் குட்டை மேஜை. சக்கரம் வைத்த ஸ்டீல் டிராலியைக் கடைக்காரர் காட்டுவார், எனக்கு அது பிடிக்கவில்லை, டியூபை இழுத்தால் டிராலியும் கூடவே வருகிறது. ஆடாத மர மேஜை போதும்.

3. பை மாட்டுவதும் டியூபில் காற்று எடுப்பதும்

திரவத்தில் இருக்கும் சர்க்கரையை வைத்து 1.5, 2.5, 4.25 சதவீதம் என்று மூன்று வகைப் பை வரும். எண் கூடக்கூட உடம்பிலிருந்து அதிக நீரை இழுக்கும். கால் வீங்குகிறதே என்று நீங்களாக 4.25-ஐ மாட்டாதீர்கள், டாக்டரைக் கேட்டு மாட்டுங்கள். தேதி பார்த்து, அழுத்திப் பார்த்து, கசிவு இல்லை, தெளிவாக இருக்கிறது என்றால் மாட்டலாம். டியூபில் திரவம் நிறைந்து காற்றை வெளியே தள்ளும்போது, வயிற்றுப் பக்கம் போகும் டியூபின் கிளாம்ப் (டியூபை அடைக்கும் பிடிப்பு) திறந்திருக்க வேண்டும், முனை அதற்குரிய இடத்தில் நிற்க வேண்டும், திரவம் முனைவரை வந்துவிட்டதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். காற்று உள்ளே போனால் தோள்பட்டையில் வலி வரும். வயிற்றில் போன காற்றுக்குத் தோள் ஏன் வலிக்கிறது என்று முழிப்பீர்கள். முனை எதிலாவது பட்டுவிட்டால் கழுவிவிட்டு மாட்டுவது கூடவே கூடாது, கிளாம்பை மூடிவிட்டு ஆஸ்பத்திரிக்கு போன் செய்யுங்கள்.

4. நடுராத்திரி அலாரம்

எங்களை ஆட்டிவைத்தது இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன். பெரும்பாலும் அடிப்பது திரவம் சரியாக வெளியே வரவில்லை என்கிற அலாரம். மெஷின் ரிப்பேர் என்று கம்பெனிக்காரரைக் கூப்பிடும் முன் வரிசையாகப் பாருங்கள். கிளாம்ப் எல்லாம் திறந்திருக்கிறதா? டியூப் முதுகுக்கு அடியிலோ கட்டில் இடுக்கிலோ மடங்கியிருக்கிறதா? வேட்டி, நைட்டி நாடா இறுக்கிப் பிடிக்கிறதா? அப்புறம் ஆளை எழுப்பி இன்னொரு பக்கம் புரளச் சொல்லுங்கள், அதுவும் ஆகவில்லையென்றால் எழுந்து உட்காரச் சொல்லுங்கள். வயிற்றுக்குள் இருக்கும் டியூப் நகர்ந்தால் திரவம் தானாகக் கொட்ட ஆரம்பிக்கும், பல நாள் இதிலேயே தீர்ந்துவிடும்.

இதெல்லாம் செய்தும் அடிக்கடி அலாரம் வந்தால் மலச்சிக்கலைச் சந்தேகப்படுங்கள். நிறைந்த குடல் வயிற்று டியூபை அழுத்தித் தள்ளிவிடும். மெஷினைக் குறை சொல்லிக்கொண்டிருந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் பிரச்சினை இதுதான். பேதி மருந்தை டாக்டர் எழுதித் தந்தால்தான் வாங்க வேண்டும், கடையில் கிடைக்கும் சிலவற்றில் மெக்னீசியம், பாஸ்பேட் இருக்கும், சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அது ஆகாது. டியூபில் வெள்ளையாகப் பஞ்சு நூல் மாதிரி ஓடினால் அது ஃபைப்ரின், அடைத்துக்கொள்ளும். நர்ஸிடம் சொன்னால் தேவைப்பட்டால் பையில் ஹெப்பாரின் (உறையாமல் தடுக்கும் மருந்து) சேர்க்கச் சொல்வார்கள்.

தூக்கக் கலக்கத்தில் பைபாஸ் பட்டனை (நடக்கிற கட்டத்தைத் தாண்டி அடுத்ததற்குப் போக வைப்பது) அழுத்தி அலாரத்தை வாயடைக்கத் தோன்றும். அழுத்தாதீர்கள். பழைய திரவம் வெளியே வராத நிலையில் மெஷின் அடுத்த சுற்றை உள்ளே விடும், வயிறு உப்பி மூச்சு முட்டும். அப்படி ஆனால் உடனே நாமாகத் திரவத்தை வெளியேற்ற வைக்கும் வழியை (மேனுவல் டிரெயின்) மெஷினில் தேர்ந்தெடுக்க வேண்டும், அந்தப் பட்டன் எங்கே என்று பகலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சுற்றின் கடைசியிலும் வலியோ அலாரமோ வந்தால் ‘டைடல்’ முறைக்கு மாற்றலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். அதில் ஒவ்வொரு முறையும் வயிற்றை முழுக்க வடிக்காமல் கொஞ்சம் உள்ளேயே விட்டுவைப்பார்கள்.

5. கரண்ட் போனால்

இன்வெர்ட்டர் வாங்குவதாக இருந்தால் ப்யூர் சைன் வேவ் (வீட்டுக் கரண்ட் மாதிரியே சீராகத் தருவது) வாங்குங்கள், மலிவான ஸ்கொயர் வேவ் வேண்டாம். மெஷினின் பின்பக்கம் வாட்ஸ் எழுதியிருக்கும், அதைக் கடைக்காரரிடம் காட்டுங்கள், பையைச் சூடேற்றும் தட்டுதான் அதிகம் இழுக்கும். அந்த லைனில் ஃப்ரிட்ஜை மாட்டக் கூடாது.

ஆனால் இன்வெர்ட்டரை மட்டும் நம்பவே மாட்டேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வடசென்னையில் தண்ணீரும் வடியவில்லை, கரண்டும் வரவில்லை. கையால் மாற்றும் இரட்டைப் பைகள் சில நாளுக்குத் தாங்குகிற அளவு எப்போதும் வீட்டில் இருக்கட்டும். மேலே ஜன்னல் கம்பியில் எஸ் கொக்கி போட்டு ஒரு பையைத் தொங்கவிட்டு, வடிவதற்கு ஒரு பையைத் தரையில் வைத்தால் புவியீர்ப்பே வேலையைச் செய்துவிடும். பையைச் சுடுதண்ணீரில் முக்குவதும் மைக்ரோவேவில் வைப்பதும் ஆகாது. இப்படிக் கையாலேயே மாற்றுகிறவர்களுக்கு 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பை கொண்டுவந்து தருகிறார்கள், பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். பை பெட்டிகளைத் தரையில் அடுக்காமல் பெஞ்சு மேல் வையுங்கள். மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அறை சூடு, அங்கே வேண்டாம்.

6. காலையில்

வெளியே வந்த திரவத்தை நேரடியாக டாய்லெட்டில் விடும் நீள டியூப் கிடைக்கும், வசதிதான், ஆனால் எனக்கு வடிபைதான். காரணம், கலங்கியிருந்தால் கண்ணில் பட வேண்டும். பைக்கு அந்தப் பக்கம் தினத்தாளை வைத்துப் பாருங்கள், எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும். கலங்கலாக இருந்தாலோ, வயிற்று வலியோ காய்ச்சலோ வந்தாலோ, அது வயிற்றுக்குள் கிருமித் தொற்றாக இருக்கலாம். பையைக் கொட்டிவிடாமல் கையோடு எடுத்துக்கொண்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், மறுநாள் பார்க்கலாம் என்று விடாதீர்கள். எடை, பிபி, எவ்வளவு நீர் எடுத்தது என்பதை நோட்டில் எழுதுங்கள். மொபைலில் எழுதினால் டாக்டரிடம் காட்டும்போது தேடிக்கொண்டிருக்க வேண்டும்.

பிறகு சேர்த்தது: திருவொற்றியூர் அக்கா ஒருவர், ராத்திரி பாத்ரூம் போக என்ன செய்வது என்று கேட்டிருந்தார். எங்கள் டியூப் பாத்ரூம் வாசல்வரை எட்டாது, அதனால் கட்டிலுக்குப் பக்கத்திலேயே யூரின் பாட்டில் வைத்திருக்கிறோம். டியூபுக்கு எக்ஸ்டென்ஷன் உண்டு, நர்ஸிடம் கேட்டு வாங்குங்கள், அதற்கும் முதலிலேயே காற்று எடுத்தாக வேண்டும். கழற்றித்தான் போக வேண்டும் என்றால் திரவம் உள்ளே ஊறும் நேரத்தில் மட்டும் கழற்ற வேண்டும், கை கழுவி, மாஸ்க் போட்டு, இரண்டு முனைக்கும் புது மூடி. பழைய மூடியைத் திரும்பப் போடக் கூடாது. அதற்காக மூடி பாக்கெட்டைத் தலைமாட்டிலேயே வைத்துவிடுங்கள்.