ஓர் இழைதானே அறுந்தது என்று விட்டுவிடாதீர்கள்

சிங்கப்பூரின் சாங்கியிலிருந்தோ துவாஸிலிருந்தோ சிறிய பாய்மரப் படகில் தியோமான், ரியாவ் தீவுகள் என்று கிளம்பினால், வழியில் பழுது பார்க்க ஆள் தேட முடியாது. நம் கையாலேயே செய்வது நல்லதுதான். ஆனால் சில தவறுகள் பாய்மரத்தையே சாய்த்துவிடும்.

பாய்மரத்தை இழுத்துப் பிடிக்கும் எஃகுக் கம்பி பெரும்பாலும் 19 இழை முறுக்கியது. ஓர் இழை அறுந்து நீட்டிக்கொண்டிருந்தால், மிச்சம் 18 இருக்கிறதே என்று டேப் சுற்றிவிட்டுப் போகிறார்கள். எனக்கு இதுதான் பெரிய பயம். அந்த 18 இழைகளுக்கும் அதே வயது, அதே உப்பு, அதே ஆட்டம். பெரும்பாலும் அறுவது கம்பி ஸ்வேஜ் முனைக்குள் (கம்பியின் நுனியில் அழுத்திப் பொருத்திய உலோகக் குழாய்) நுழையும் இடத்தில். உள்ளே தேங்கும் உப்புநீரில் ஆக்சிஜன் குறைந்து, துருப்பிடிக்காத எஃகும் அரிக்கிறது. டேப் அந்த நீரை இன்னும் பிடித்துவைக்கும்.

அறுந்ததைப் பார்த்ததும் முதலில் பாரத்தை எடுங்கள். பக்கக் கம்பி என்றால் காற்று மறுபக்கம் வரும்படி படகைத் திருப்ப வேண்டும். முன்கம்பி என்றால் காற்றைப் பின்னால் வாங்குங்கள். அப்புறம் உபரி ஹேலியார்டை (பாயை மேலே ஏற்றும் கயிறு) அந்தக் கம்பியின் திசையில் உறுதியான இடத்தில் கட்டி வின்ச்சில் (கயிற்றைச் சுற்றி இழுக்கும் உருளை) இறுக்குங்கள்.

தற்காலிகமாக டைனீமா என்ற மிக வலுவான செயற்கை இழைக் கயிறு கட்டலாம். முடிச்சுப் போடாதீர்கள், வழுக்கும், பலமும் பாதிக்கு மேல் போகும். ஸ்ப்ளைஸ் செய்து, அதாவது கயிற்றை அதற்குள்ளேயே செருகிப் பிணைத்து, முனையைக் கயிற்றின் விட்டத்தைப் போல 72 மடங்கு உள்ளே புதையுங்கள். 6 மி.மீ. கயிற்றுக்கு 43 செ.மீ. நிரந்தர மாற்றத்துக்கு, மிக நீளமான கம்பியின் அளவுக்கு உபரிக் கம்பியும், ஸ்பேனரால் முடுக்கும் ஸ்டா-லாக் போன்ற முனைகளும் படகில் இருக்கட்டும்.

கம்பியை முறுக்கி இறுக்கும் டர்ன்பக்கிளின் மரையை எண்ணெயில்லாமல் பாரத்தோடு திருப்பினால் எஃகும் எஃகும் இறுகிக்கொள்ளும். கழற்றிய ஸ்ப்ளிட் பின்னை (கால்களை வளைத்துப் பூட்டும் சிறு ஊசி) நிமிர்த்தி மறுபடி போடவும் வேண்டாம்.

பாய்மரம் ஏறுவதில் அவசரம் கூடவே கூடாது. சிங்கப்பூர் நீரிணையில் காற்றே இல்லாவிட்டாலும் கப்பல் அலை வந்தால் உச்சி வீசியாடும். ஏப்ரல் முதல் நவம்பர் வரை விடியலை ஒட்டி சுமத்ரா புயற்காற்று இடியோடு வரலாம். உட்கார்ந்து ஏறும் நாற்காலியை ஸ்னாப் ஷேக்கிளில் (இழுத்தால் சட்டென்று திறக்கும் கொக்கி) மாட்டாமல், ஹேலியார்டில் போலைன் என்ற வழுக்காத வளைய முடிச்சால் கட்டி, இரண்டாவது ஹேலியார்டையும் உடம்பில் பிணைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கம்பி பழுதோ, அது தாங்கும் உயரத்துக்கு ஏறவே வேண்டாம்.

சரி, கரை சேர்ந்ததும் அறுந்த கம்பியை மட்டும் மாற்றாமல், எதிர்ப்பக்கத்து ஜோடிக் கம்பியையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.