வகுப்புக்கு ஒரு வலைப்பதிவு: சறுக்கும் இடங்கள்

"சார், அஞ்சு கமெண்ட் போட்டுட்டேன். இன்டர்னல் மார்க் வந்துரும்ல?"

வகுப்பு வாசலிலேயே மறித்துக் கேட்டார் இரண்டாமாண்டு மாணவர் ஒருவர். போய்ப் பார்த்தால், கெடு முடியப் பதினைந்து நிமிடம் இருக்கும்போது ஐந்து வலைப்பதிவுகளில் 'அருமையான பதிவு, வாழ்த்துகள்' என்று வரிசையாக ஒட்டிவைத்திருக்கிறார். அந்த ஐந்தில் ஒன்று, தாத்தா இறந்த அன்று வீட்டில் நடந்ததைப் பற்றிச் சக மாணவி ஒருவர் எழுதியது.

அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஐந்து பின்னூட்டத்துக்கு ஐந்து மதிப்பெண் என்று விதி போட்டவன் நான்தானே. அறுபது பேர் வகுப்பில் முந்நூறு பின்னூட்டங்கள் வந்தன. படித்துவிட்டு எழுதியவை பத்துப் பதினைந்து தேறும். பாடத்துக்குள் வலைப்பதிவைக் கொண்டுவரும் ஆசிரியர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான் என்பேன். எண்ணக்கூடியதற்கு மார்க் போடுவது சுலபம். கல்லூரிகளுக்குத் தரமதிப்பீடு செய்யும் நாக் (NAAC) குழு வந்தால் ஃபைலில் காட்டவும் வசதி. இப்போது பருவத்துக்கு ஆளுக்கு இரண்டே பின்னூட்டம். பதிவிலிருந்து ஒரு வாக்கியத்தை எடுத்துப் போட்டு, அதைப் பற்றி ஏதாவது கேட்க வேண்டும். அந்தக் கேள்வியால் பதிவில் ஓர் இடம் திருந்தினால் கேட்டவருக்கும் மதிப்பெண், திருத்தியவருக்கும் மதிப்பெண். "நீங்கள் சொல்லும் கிணறு ஊருக்கு உள்ளேயா வெளியேயா?" என்று ஒருவர் கேட்கப்போய், ஒரு மாணவி அந்த ஊரின் தெருக்களையே விவரித்துப் புதுப் பதிவு எழுதினார்.

அடுத்த தவறு, எழுதச் சொல்லிவிட்டு நாமே படிக்காமல் விடுவது. அறுபது முகவரிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க யாராலும் ஆகாது. மூன்றாவது வாரமே கை ஓய்ந்துவிடும். ஆசிரியர் படிக்கவில்லை என்பதை மாணவர்கள் நான்காவது வாரம் மோப்பம் பிடித்துவிடுவார்கள். இதற்குத்தான் செய்தியோடை (RSS) இருக்கிறது: புதுப் பதிவு வந்ததும் அதைத் தானாக வெளியே அனுப்பும் வசதி. பிளாகரிலோ வேர்ட்பிரஸிலோ வலைப்பதிவு தொடங்கினால் ஓடை தானாகவே கூட வரும். எல்லா ஓடைகளையும் ஃபீட்லி போன்ற ஒரு திரட்டியில், அதாவது பல ஓடைகளை ஒரே இடத்தில் காட்டும் சேவையில், சேர்த்துவிட்டால், புதிதாக எழுதியவர் யார் என்று காலைக் காப்பி ஆறுவதற்குள் தெரிந்துவிடும். தமிழ்மணம் திரட்டியில் பதிவுகளைத் தேடிப் படித்த தலைமுறைக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2008-இல் கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் சீமன்ஸும் ஸ்டீபன் டவுன்ஸும் நடத்திய பாடம் இப்படித்தான் ஓடியது. கட்டணம் கட்டியவர்கள் சுமார் 25 பேர். இணையத்தில் இலவசமாகச் சேர்ந்தவர்கள் 2,000-க்கு மேல். அவரவர் தங்கள் வலைப்பதிவில் எழுத, டவுன்ஸின் மென்பொருள் ஓடைகளைத் திரட்டித் தினசரி மடலாக அனுப்பியது.

ஓடையிலும் சில சிக்கல்கள் உண்டு. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்ததை அப்படியே ஒட்டினால், திரட்டியில் ஆங்கில எழுத்தும் குறிகளுமாகக் குப்பை கொட்டும். யூனிகோடுக்கு மாற்றச் சொல்லி முதல் நாளே பழக்க வேண்டும். பெரிய சிக்கல் வேறு: ஓடையில் போனது திரும்பாது. விடுதிச் சாம்பாரையும் வார்டனையும் சேர்த்துத் தாளித்து ஒரு மாணவர் பதிவு போட்டார். அரைமணி நேரத்தில் பயந்துபோய் அழித்தார். மூன்று பேரின் திரட்டியில் அது முழுதாக உட்கார்ந்திருந்தது. வெளியிடும் பொத்தானை அழுத்துவதற்கு முன் இதை ஒருமுறை செய்தே காட்டிவிடுவது நல்லது.

பெயர் விஷயத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். முழுப்பெயர், ரெஜிஸ்டர் நம்பர், துறை எல்லாம் பதிவின் தலையில் இருந்தால் மார்க் போட வசதிதான். ஆனால் கூகுளில் தேடுகிற எவருக்கும் அதே வசதி. முதலாமாண்டில் பலருக்குப் பதினேழு வயதுதான். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கணக்கில் 18 நிறையாதவர் குழந்தை. புனைபெயரில் எழுதட்டும், யார் எந்தப் பெயர் என்ற பட்டியல் ஆசிரியரிடம் மட்டும் இருக்கட்டும். பொதுவில் எழுதவே விரும்பாதவருக்கு வேறு வழியும் வைக்க வேண்டும்.

விக்கிப்பீடியாவில் கட்டுரை எழுதச் சொல்பவர்கள் புனேயில் நடந்ததைத் தெரிந்துகொள்வது நல்லது. 2011-இல் விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை அங்கே சில கல்லூரிகளோடு சேர்ந்து, பாடத்தின் பகுதியாக மாணவர்களை ஆங்கில விக்கிப்பீடியாவில் எழுதவைத்தது. பலர் புத்தகத்திலும் இணையத்திலும் இருந்ததைப் பத்தி பத்தியாக எடுத்து ஒட்டினார்கள். காப்புரிமை மீறல்களைத் துடைத்தே தன்னார்வலர்கள் களைத்துப்போக, அந்த நவம்பரிலேயே திட்டம் நின்றது. மாணவர்களை மட்டும் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. சீனியரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதியதற்கெல்லாம் சிவப்பு மையில் 'நன்று' போட்டு வளர்த்தது நாம்தானே. முதலில் விக்கிப்பீடியாவின் பயிற்சிப் பக்கமான மணல்தொட்டியில் ஒரே ஒரு பத்தி. மூலத்தைப் பக்கத்தில் வைத்து, சொந்த வாக்கியமா என்று உட்கார்ந்து பார்த்த பிறகுதான் அடுத்தது.

அப்புறம், எல்லாக் கருவியையும் ஒரே பருவத்தில் இறக்காதீர்கள். வலைப்பதிவு, வாட்ஸ்அப் குழு, டெலிகிராம், யூடியூப் என்று நான்கு இடத்தில் நான்கு அறிவிப்பு வந்தால் மாணவர் வாட்ஸ்அப்பை மட்டும் பார்ப்பார். அதில் அட்மின் மட்டும் பேசலாம் என்று பூட்டிவைத்தால், பழைய நோட்டீஸ் போர்டுதான் கைப்பேசிக்குள் வந்திருக்கிறது.

இலவச சேவைகளுக்கு ஆயுள் உத்தரவாதமும் கிடையாது. ஓடைத் திரட்டியான கூகுள் ரீடர் 2013 ஜூலையில் மூடப்பட்டது, சமூக வலைத்தளமான கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் போனது. பிளாகரின் அமைப்புகளுக்குள் போனால் பதிவுகளையும் பின்னூட்டங்களையும் ஒரே கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். பருவத்தின் கடைசி லேப் வகுப்பில் இதற்குப் பத்து நிமிடம் வைக்கிறேன். கோப்பைத் தனக்குத்தானே மின்னஞ்சல் செய்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். போன முறை தாத்தா பற்றி எழுதிய மாணவி, அந்தப் பதிவை மட்டும் தனியாக அச்செடுத்துத் தர முடியுமா என்று கேட்டார். பாட்டிக்குப் படித்துக் காட்ட வேண்டுமாம்.